வரைபடத்தில் விழும் வேலிப் பொட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளின் உப்புத்தன்மையையோ நைத்திரேற்று அளவையோ கணினியில் வரைபடமாக்கும்போது, ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் எல்லையில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு ஒன்று தோன்றுவதுண்டு. தரவில் அப்படி ஒரு கோடு இல்லை. வரைந்தவர் அதைப் போடச் சொல்லவும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பரப்புகளுக்கும் எல்லை ஒன்றே. இரண்டும் அதே புள்ளிகளின் வழியே செல்கின்றன. கணக்கின்படி இடையில் ஒரு மணல் விழவும் இடமில்லை. இருந்தும் பின்புலத் தாளின் வெண்மை அந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறது. கிடுகு வேலியில் ஆளோ ஆடோ நுழையும் இடைவெளியை யாழ்ப்பாணத்தார் பொட்டு என்பார்கள். நிறங்களுக்கிடையே தெரியும் இந்தக் கோடு வரைபடத்தில் விழும் பொட்டு.

குடாநாட்டின் வரைபடத்தில் இதை அழகுக் குறை என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. நிலத்தின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்புகளையும் குகைவழிகளையும் உண்டாக்கியிருக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எதுவும் இல்லாத இந்த நிலத்தில், வடகீழ்ப் பருவமழை தரும் நீர் அந்த வெடிப்புகளின் வழியே இறங்கி, கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் பெயரால் வழங்கும் விதி. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதும், கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவதும் இந்த நில அமைப்பின் விளைவுகள். இத்தகைய நிலத்தின் படத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடினால், பார்ப்பவர் அதைப் பாறை வெடிப்பு என்று நினைக்க நியாயம் உண்டு. அது களப்பின் மேல் ஓடினால் பண்ணைப் பாலம் போலவோ பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகும் தாம்போதி போலவோ தெரியும்.

இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. குடிநீரில் நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் நெருக்கமாகப் பயிரிடப்படும் வலிகாமத்துச் செம்மண் நிலத்தில், உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து இந்த அளவை ஏற்றிவிடுகின்றன. படம் வரைபவர் 50 என்ற மதிப்பில் ஒரு நிறத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குவார். வெள்ளைக் கோடு விழுவதும் சரியாக அதே இடத்தில்தான், ஏனெனில் அது நிற எல்லைகளில் மட்டுமே தோன்றும். தன் வீட்டுக் கிணறு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒருவர் விரல் வைத்துப் பார்க்கும் இடத்தில், எவரும் அளக்காத ஒரு பட்டி கிடக்கிறது.

திரை என்பது பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களின் கட்டம். ஒரு சதுரத்துக்கு ஒரே நிறம்தான் கொடுக்க முடியும். சாய்வான எல்லை ஒன்று அந்தக் கட்டத்தின் மேல் போகும்போது சதுரங்களைக் குறுக்கே வெட்டுகிறது. சதுரத்தின் நடுப்புள்ளி உருவத்துக்குள் இருந்தால் நிறமிடு, வெளியே இருந்தால் விட்டுவிடு என்பது மிக எளிய விதி. அப்படிச் செய்தால் எல்லை படிக்கட்டுப் போலத் தெரியும். கணினிப் படங்களில் இந்தப் படிக்கட்டு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதை 1977இல் பிராங்க்ளின் குரோ விரிவாக எழுதினார். தீர்வின் அடிப்படை இது: உருவம் ஒரு சதுரத்தின் எவ்வளவு பங்கை மூடுகிறதோ அவ்வளவு பங்கு நிறத்தை அதற்குக் கொடுப்பது. பாதி மூடினால் பாதி நிறம். கால்வாசி மூடினால் கால்வாசி நிறம். சற்றுத் தள்ளியிருந்து பார்க்கும் கண்ணுக்குப் படிகள் மறைந்து வழவழப்பான கோடு தெரியும். இதைத்தான் ஆன்டி-ஏலியாசிங் என்கிறார்கள்; தமிழில் விளிம்பு மென்மையாக்கல் எனலாம். எழுத்துகளும் கோடுகளும் திரையில் கண்ணை உறுத்தாமல் இருப்பதற்கு இதுவே காரணம். பொட்டு விழுவதற்கும் இதுவே காரணம்.

வெள்ளைப் பின்புலத்தில் இரண்டு பரப்புகள், இரண்டும் கறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றின் பொது எல்லை ஒரு பிக்சலைச் சரிபாதியாக வெட்டுகிறது. முதல் பரப்பு வரையப்படும்போது அந்தப் பிக்சல் பாதி கறுப்பு, பாதி வெள்ளை ஆகிறது. இரண்டாவது பரப்பும் பாதியை மூடுகிறது. ஆகவே மென்பொருள் அரைப்பங்கு கறுப்பை எடுத்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் நிறத்தின் அரைப்பங்கோடு கலக்கிறது. ஏற்கெனவே இருந்ததில் பாதி வெள்ளை. அதில் பாதி என்றால் கால்வாசி. ஆக, முழுக் கறுப்பாக இருக்கவேண்டிய பிக்சலில் 25 சதவீதம் வெள்ளை தங்கிவிடுகிறது. 0 முதல் 255 வரையான அளவுகோலில் 0 என்று இருக்கவேண்டியது 64 என்று நிற்கிறது. எல்லை வேறு விகிதத்தில் வெட்டினாலும் கசிவு உண்டு, அளவு மட்டும் குறையும். ஒரு பரப்பு பத்தில் ஒரு பங்கையும் மற்றது ஒன்பது பங்கையும் மூடினால் கசியும் வெள்ளை 9 சதவீதம். சாய்ந்த எல்லை பிக்சல்களைப் பல விகிதங்களில் வெட்டிக்கொண்டே போவதால், கோடு ஓரிடத்தில் தெளிவாகவும் ஓரிடத்தில் மங்கலாகவும் விட்டுவிட்டுத் தெரிகிறது. எல்லை பிக்சல் கட்டத்தோடு சரியாகப் பொருந்தி நிமிர்ந்தோ கிடந்தோ இருந்தால் கசிவே இல்லை. சதுரக் கட்டப் படங்களில் சில அளவுகளில் கோடு மறைந்து, படத்தைச் சற்றுப் பெரிதாக்கியதும் திரும்ப வருவது இதனால்தான்.

பரப்புகள் வெவ்வேறு நிறமானால் இன்னொன்றையும் கவனிக்கலாம். பின்னால் வரையப்பட்ட நிறத்துக்கு அதன் அரைப்பங்கு முழுதாகக் கிடைத்துவிடுகிறது. முன்னால் வரையப்பட்ட நிறம்தான் தன் அரைப்பங்கில் பாதியை இழக்கிறது. அந்த இடத்தில் பின்புலம் நுழைகிறது. நட்டம் எப்போதும் முதலில் வந்ததற்கே.

பல பரப்புகள் ஒரு புள்ளியில் கூடும் இடங்களில் நிலைமை மோசமாகிறது. நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் ஒவ்வொன்றும் ஒரு பிக்சலின் கால்வாசியை மூடுமானால், ஒவ்வொரு தடவையும் பின்புலத்தில் முக்கால்வாசி தப்பிவிடுகிறது. நான்கு தடவை முக்காலில் முக்கால் என்று பெருக்கினால் மீதி 256இல் 81 பங்கு, அதாவது ஏறத்தாழ 32 சதவீதம். கோடுகள் வெட்டும் இடத்தில் கோட்டைவிட வெளிச்சமான புள்ளி தோன்றுவதற்கு இதுவே காரணம். கிணறுகளை உச்சிகளாகக் கொண்டு முக்கோணங்களாகப் பிரித்து நிறமிடும் முறையில், ஒரு கிணற்றைச் சுற்றி ஆறேழு முக்கோணங்கள் கூடும். முக்கோணங்கள் எத்தனை கூடினாலும், சம பங்கானால் கசிவு 37 சதவீதத்தை நெருங்குமே தவிரத் தாண்டாது. அந்த அளவே ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒரு வெள்ளைப் பொட்டை வைக்கப் போதும். கிணற்றைக் குறிக்கப் போட்ட புள்ளி என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

இந்தக் கணக்கில் பிழை எங்கே இருக்கிறது? பாதி மூடியது என்பதை மென்பொருள் ஒரே ஒரு எண்ணாக நினைவில் வைக்கிறது. எந்தப் பாதி என்பதை மறந்துவிடுகிறது. ஒரு சாளரத்தின் இடப்பாதியை ஒரு பாயாலும் வலப்பாதியை இன்னொரு பாயாலும் மறைத்தால் வெளிச்சம் வராது. அதே சாளரம் முழுவதிலும் வெளிச்சத்தில் பாதியை விடும் வலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மேல் அதேபோல இன்னொரு வலையைத் தொங்கவிட்டால் கால்வாசி வெளிச்சம் உள்ளே வரும். வரைபடத்தின் இரண்டு பரப்புகளும் பாய்கள்; கலக்கும் சூத்திரம் அவற்றை வலைகளாகக் கொள்கிறது. சூத்திரத்தில் வேறு குறை இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு உருவங்கள், ஒன்றின் மேல் ஒன்று எப்படியோ விழும்போது, வலைக் கணக்கு சராசரியில் சரியாகவே வரும். ஒரே எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் அயல் பரப்புகளில்தான் அது தவறிப்போகிறது. வரைபடமோ முழுக்க முழுக்க அயல் பரப்புகளால் ஆனது.

இந்தச் சூத்திரத்தை 1984இல் ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும். மூடிய பங்கைக் குறிக்கும் எண்ணை அல்பா என்பார்கள். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைப்பதற்கு அவர்கள் தந்த விதி சுருக்கமானது, வேகமானது, நினைவகத்தை மிச்சப்படுத்துவது. திரைப்படங்களுக்காகச் செய்யப்பட்டது பின்னர் பெரும்பாலான வரைவு மென்பொருள்களின் அடித்தளமாயிற்று. அதே ஆண்டில் லோரன் கார்பென்டர் வேறொரு வழியையும் காட்டினார்: ஒவ்வொரு பிக்சலையும் 32 சிறு அறைகளாகப் பிரித்து, எந்த அறைகள் மூடப்பட்டன என்பதைக் குறித்துவைப்பது. அதில் எந்தப் பாதி என்ற தகவல் மறக்கப்படுவதில்லை. ஆனால் நினைவகம் விலைமதிப்புள்ளதாக இருந்த காலம் அது. இரு பரிமாண வரைவில் சுருக்கமான விதியே நிலைத்தது. அதோடு பொட்டும் நிலைத்தது.

மருந்து தேடுமுன் நோயைச் சரியாக அடையாளம் காணவேண்டும், ஏனெனில் வெள்ளைக் கோட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. கிராம சேவையாளர் பிரிவுகளின் எல்லைகளைத் தனித்தனியே வரைந்து சேர்த்திருந்தால், இரண்டு பிரிவுகளுக்கிடையே உண்மையான கீற்று இடைவெளி இருக்கலாம். கோப்பில் எழுதும்போது ஆயத்தொலைகளின் தசம இடங்கள் வெட்டப்பட்டு, ஒரே புள்ளி இரண்டாகப் பிரிந்திருக்கலாம். மாவட்டத் தரவுகளைச் சேர்க்கும் இடத்தில் இது சாதாரணமாக நடக்கும். குடாநாடும் யாழ்ப்பாண மாவட்டமும் ஒன்றல்ல. பச்சிலைப்பள்ளி கிளிநொச்சி மாவட்டத்துக்குள் வருகிறது. குடாநாடு முழுவதையும் காட்ட விரும்புபவர் இரண்டு மாவட்டக் கோப்புகளை ஒட்டவேண்டும், ஒட்டும் இடத்தில் எல்லைகள் இழைவதில்லை.

சோதனை எளிது. படத்தைத் திரையில் நான்கு மடங்கு, எட்டு மடங்கு, அறுபத்துநான்கு மடங்கு என்று பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். உண்மையான இடைவெளி படத்தோடு சேர்ந்து அகலும். விளிம்பு மென்மையாக்கலால் வந்த கோடு எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு பிக்சல் அகலத்திலேயே நிற்கும். அகலும் கோட்டுக்கு மருந்து தரவைத் திருத்துவதுதான். வரைவு மென்பொருளில் செய்யும் எந்த வேலையும் அதை மூடி மறைக்குமே தவிரக் குணப்படுத்தாது. இனி வருபவை அகலாத கோட்டுக்கான வழிகள்.

எல்லாவற்றிலும் எளிய வழி, பரப்புகளுக்கு மட்டும் மென்மையாக்கலை நிறுத்துவது. அப்போது நடுப்புள்ளி விதி திரும்ப வருகிறது, ஒவ்வொரு பிக்சலும் ஏதாவது ஒரு பரப்புக்கே முழுதாகச் சேர்கிறது, கசிவுக்கு இடமில்லை. ஜான் ஹன்டர் உருவாக்கி 2003இல் வெளியிட்ட மேட்பிளொட்லிப் என்ற வரைவு நூலகம், மதிப்பெல்லைகளுக்கிடையே நிறம் நிரப்பும் படங்களில் மென்மையாக்கலை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறது. எஸ்விஜி என்ற படக் கோப்புகளில் விளிம்புகளைக் கூராக வரையச் சொல்லும் பண்பு ஒன்று உண்டு. இழப்பு என்னவென்றால் படிக்கட்டு மீண்டும் தெரியும். அதன் மேல் எல்லைக் கோட்டை மட்டும் மென்மையாக வரைந்துவிட்டால் படிகள் கோட்டுக்கடியில் ஒளிந்துகொள்ளும். ஆனால் குடாநாட்டின் நில அமைப்பில் இந்த வழி ஓர் இடத்தில் சறுக்குகிறது. தீவகத்துக்குப் போகும் தாம்போதிகளும் களப்போரத்து ஒடுங்கிய நிலத்துண்டுகளும் சிறிய படத்தில் ஒரு பிக்சலை விட ஒல்லியாகிவிடும். நடுப்புள்ளிகளைத் தொடாமல் போகும் இடங்களில் அவை அறுந்து, துண்டு துண்டாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய வரம்பும் உண்டு. பிடிஎஃப் போன்ற கோப்புகளில் பொதுவாகப் பிக்சல்கள் சேமிக்கப்படுவதில்லை, உருவங்களின் எல்லைகளே சேமிக்கப்படுகின்றன. பிக்சலாக்கும் வேலையைக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் செய்கிறது. வரைந்தவர் மென்மையாக்கலை நிறுத்தியிருந்தாலும், படிப்பவரின் மென்பொருள் அதைத் தன் விருப்பப்படி செய்துவிடும். வரைந்தவரின் கணினியில் மாசில்லாமல் இருந்த படம் பேராசிரியரின் திரையில் கோடு கோடாகத் தெரிவது இப்படித்தான். அச்சிட்டால் பெரும்பாலும் கோடு மறைந்துவிடும். பிடிஎஃப் விதிப்படி, உருவம் தொட்ட எந்தப் பிக்சலும் முழுதாக மையிடப்படும். அச்சுத்தகடு செய்யும் பொறிகள் மென்மையாக்கல் செய்வதில்லை. அச்சகத்துக்கு இது ஆறுதல். ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் திரையிலேயே படிக்கப்படும் இக்காலத்தில் அந்த ஆறுதல் போதாது.

பரவலாகக் கையாளப்படும் இரண்டாவது வழி, ஒவ்வொரு பரப்பின் விளிம்பையும் அதே நிறக் கோட்டால் வரைவது. கோடு எல்லையின் இருபுறமும் சிறிது நீட்டிக்கொண்டு இருப்பதால் அயல் பரப்பின் மேல் ஏறி இடைவெளியை மூடுகிறது. நிறவிளக்கப் பட்டையில் கோடு விழுந்தால் இதைச் செய்யும்படி மேட்பிளொட்லிப்பின் கையேடே சொல்கிறது. பிழை கோப்பைக் காட்டும் மென்பொருளுடையது என்றும் அது சொல்கிறது. இந்த வழிக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 0.4 பொயின்ட் கோடு ஒவ்வொரு புறமும் 0.2 பொயின்ட், அதாவது 0.07 மில்லிமீட்டர் நீளும். ஐந்து இலட்சத்தில் ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் அது தரையில் 35 மீட்டர். நைத்திரேற்று எல்லைக்கு 35 மீட்டர் ஒன்றுமில்லை. கிணறுகளுக்கிடையேயான தூரமே அதைவிட அதிகம். ஆனால் கடற்கரையும் அதே அளவு வெளியே தள்ளும், சிறு தீவுகள் சற்று ஊதிப்போகும். கோட்டின் மூலைகளைக் கூராக விட்டால் ஒடுங்கிய முனைகளில் முள் போல நீண்டுகொண்டு நிற்கும். மூலைகளை வட்டமாக்கும்படி அமைப்பது கட்டாயம்.

மூன்றாவது வழி கூரை மேய்பவர்களின் வழி. கிடுகுகளை விளிம்போடு விளிம்பு வைத்து எவரும் கூரை மேய்வதில்லை. கீழ் வரிசையை வைத்துவிட்டு, அதன் தலைப்பை மூடும்படி மேல் வரிசையை ஏற்றி, முகடு வரை கொண்டுபோவார்கள். மதிப்பெல்லைப் படங்களையும் அப்படியே வரையலாம். 10க்கும் 20க்கும் இடைப்பட்ட பட்டி, 20க்கும் 30க்கும் இடைப்பட்ட பட்டி என்று துண்டாக வரையாமல், 10க்கு மேற்பட்ட முழு நிலத்தையும் முதலில் ஒரே நிறத்தால் நிரப்பி, அதன் மேல் 20க்கு மேற்பட்ட முழு நிலத்தையும், அதன் மேல் 30க்கு மேற்பட்டதையும் வரைவது. எல்லைப் பிக்சலில் கீழ் நிறம் ஏற்கெனவே முழுதாக இருக்கிறது. மேல் நிறம் பாதி விழும்போது கிடைப்பது இரண்டின் சரிபாதிக் கலவை. பின்புலம் நுழைய வழியே இல்லை. கோடு தடிப்பதில்லை, கடற்கரை ஊதுவதில்லை, எந்த மென்பொருளில் திறந்தாலும் விளைவு மாறுவதில்லை. டி3 என்ற இணைய வரைவு நூலகம் மதிப்பெல்லைப் பரப்புகளை இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகவே கணித்துத் தருகிறது. மதிப்புகள் ஏறுமுகமாக அடுக்கக்கூடியவையாக இருக்கும் இடமெல்லாம் இதுவே முதலில் எண்ணிப் பார்க்கவேண்டிய வழி. கிணற்று நீரின் உப்பும் நைத்திரேற்றும் நீர்மட்டமும் அப்படி அடுக்கக்கூடியவைதான்.

பிரதேச செயலகப் பிரிவு வாரியாக நிறமிடும் படத்துக்கு அந்த ஏறுமுகம் கிடையாது. நல்லூரும் கோப்பாயும் அயல் பிரிவுகள். ஒன்று மற்றதற்குள் அடங்குவதில்லை. அங்கே மலிவான உபாயம் ஒன்று உதவும்: எல்லாப் பிரிவுகளுக்கும் அடியில் முழுக் குடாநாட்டின் உருவத்தையும் நடுத்தர நிறம் ஒன்றால் முதலில் நிரப்பிவிடுவது. கசிவு இருக்கும், ஆனால் கசிவது வெள்ளை அல்ல, படத்தின் நிறங்களுக்கு நெருங்கிய ஒரு நிறம். கண் அதைப் பிடிப்பது அரிது. படத்தை இரண்டு தடவை ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்துவிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது 25 சதவீதக் கசிவை 6 சதவீதமாகக் குறைக்கும், போக்காது. அதோடு கடற்கரையில் பாதி நிறம் பெறவேண்டிய பிக்சல்கள் முக்கால் நிறம் பெற்று, மென்மையாக்கல் பாதி வீணாகிவிடும். பரிந்துரைக்கத் தக்க வழி அல்ல.

செய்மதிப் படத்தின் மேல் ஊடுகாட்டும் நிறங்களைப் பூசும்போது மேற்சொன்ன உபாயங்களில் பெரும்பாலானவை எதிர்விளைவு தருகின்றன. 50 சதவீதம் ஊடுகாட்டும் இரண்டு பரப்புகள் விளிம்பில் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால், அந்த இடத்தில் மறைப்பு 75 சதவீதமாகிறது. வெள்ளைக் கோடு போய்க் கறுத்த கோடு வருகிறது. கூரை முறையில் உள்ளே போகப் போக நிறங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து தடித்து, நிறவிளக்கப் பட்டையோடு பொருந்தாமல் போகும். இதற்குச் சரியான வழி, பரப்புகளை முதலில் தனி அடுக்கு ஒன்றில் முழு அடர்த்தியில் பொட்டில்லாமல் வரைந்து முடித்துவிட்டு, பிறகு அந்த அடுக்கு முழுவதையும் ஒரேயடியாக ஊடுகாட்டச் செய்வது. கியூஜிஐஎஸ் மென்பொருளில் நிறத்துக்குத் தனியாகவும் அடுக்குக்குத் தனியாகவும் ஊடுகாட்டும் அளவு இருப்பது இந்த வேறுபாட்டுக்காகவே. எஸ்விஜியிலும் குழுவுக்குரிய அளவும் நிறத்துக்குரிய அளவும் வேறு வேறு. கீழே வெள்ளைத் தாள் மட்டுமே இருக்கிறதென்றால் ஊடுகாட்டுதலே வேண்டாம். வெளிறிய நிறத்தைக் கணக்கிட்டு நேராகப் பூசிவிடலாம்.

இதுவரை சொன்னவை படம் வரைபவர் தாமே செய்யக்கூடியவை. மென்பொருள் எழுதுபவர்களின் கையில் மூலத்தையே திருத்தும் வழிகள் உண்டு. போர்ட்டரும் டஃபும் தந்த செயல்களில் கூட்டல் என்பதும் ஒன்று. அயல் பரப்புகளை வெற்று அடுக்கு ஒன்றில் கலக்காமல் கூட்டிக்கொண்டே போனால், அரைப்பங்கும் அரைப்பங்கும் சேர்ந்து சரியாக ஒன்றாகும். பிறகு அந்த அடுக்கைப் பின்புலத்தின் மேல் வைத்தால் போதும். பாய்களைப் பாய்களாகவே கணக்கிடும் முறை இது. கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டாமல் தடுக்கும் இன்னொரு வடிவம் கெய்ரோ என்ற வரைவு நூலகத்தில் இருக்கிறது. நூபிளொட் என்ற வரைவு மென்பொருள் தன் கெய்ரோ வெளியீடுகளில் அயல் பல்கோணிகளைச் சேர்த்துவைத்து, பின்வரிசையிலிருந்து இந்த முறையில் வரைகிறது. இன்னும் நேரான வழி, எல்லைக் கோடு ஒவ்வொன்றுக்கும் இடப்பக்க நிறம் எது, வலப்பக்க நிறம் எது என்று சேர்த்தே எழுதிவைத்து, எல்லாப் பரப்புகளையும் ஒரே நடையில் பிக்சலாக்குவது. பழைய ஃப்ளாஷ் கோப்புகளின் அமைப்பு அப்படிப்பட்டது. மாக்சிம் ஷெமனாரேவ் எழுதிய ஆக் நூலகத்திலும் அதற்கான பகுதி உண்டு. வேலிக்கு இருபுறமும் யார் காணி என்று ஒரே பத்திரத்தில் எழுதிவிட்டால் இடையில் எல்லைச் சண்டைக்கு நிலம் மிஞ்சாது.

இவை எதுவும் கைக்கெட்டாதபோது வலுவான வழி ஒன்று எப்போதும் இருக்கிறது: மென்மையாக்கலை நிறுத்தி, படத்தை நான்கு மடங்கு அகலத்திலும் நான்கு மடங்கு உயரத்திலும் வரைந்து, பிறகு பதினாறு பிக்சலுக்கு ஒன்றாகச் சராசரி எடுத்துச் சுருக்குவது. பெரிய படத்தில் ஒவ்வொரு பிக்சலும் ஏதாவது ஒரு பரப்புக்கே உரியது. ஆகவே சராசரியில் பின்புலம் சேராது. எல்லைக்குப் பதினேழு படிநிலைகள் கிடைக்கும், கண்ணுக்கு அது தாராளம். 1600க்கு 1200 பிக்சல் படத்துக்கு நான்கு மடங்கு என்றால் 3 கோடியே 7 இலட்சம் பிக்சல்கள், ஏறத்தாழ 123 மெகாபைட்டு நினைவகம். 1984இல் நினைத்துப் பார்க்க முடியாத அளவு. இன்றைய மாணவரின் மடிக்கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. கட்டங்கள் ஆயிரக்கணக்கில் உள்ள படங்களில், நிறப் பரப்பை மட்டும் இப்படிப் பிக்சலாக்கி, எழுத்தையும் கோடுகளையும் உருவங்களாகவே விட்டு ஒரே பிடிஎஃப்பில் சேர்ப்பது நல்ல பலன் தரும். கோப்பும் சிறுக்கும், எழுத்தும் கூராக இருக்கும், எவர் திறந்தாலும் பொட்டு விழாது.

ஆகவே கிணற்று நீரின் தரத்தைக் காட்டும் மதிப்பெல்லைப் படத்துக்குக் கூரை அடுக்கு முறையும், பிரிவு வாரியான படத்துக்கு அடிநிறமோ மெல்லிய ஒரே நிற விளிம்போ, செய்மதிப் படத்தின் மேல் விழும் நிறங்களுக்கு அடுக்கு முழுதுக்குமான ஊடுகாட்டுதலும், நுண்ணிய கட்டப் படத்துக்குப் பெரிதாக வரைந்து சுருக்குதலும் பொருந்தும். குடாநாட்டின் தண்ணீரைப் பற்றி ஒரு வரைபடம் வெளியிடுபவர், அனுப்புமுன் அதைத் தன் கணினியல்லாத வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து, 50 மில்லிகிராம் எல்லையைப் பெரிதாக்கி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துத் தன் கிணற்றிலிருந்து குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஒரு வீடு உரும்பிராயிலோ சுன்னாகத்திலோ இருக்கிறது.